ஓடு விழுந்த கொம்பியூட்டரை எழுப்புவது எப்படி?

யட்டவத்தப் பக்கத்து வீடுகளில் டெஸ்க்டொப் கொம்பியூட்டர் அடிபட மூன்று வழிகள் இருக்கின்றன. பரணில் அடுக்கிய மிளகு மூட்டை சரிந்து அதன் தலையில் விழலாம். மாத்தளை டவுனில் பழையது ஒன்றை வாங்கி, ஓட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு வருகிறவர், ஒரு வளைவில் கம்பியைப் பிடிப்பதா சீபீயூவைப் பிடிப்பதா என்று யோசித்து, கம்பியைப் பிடிக்கலாம். மூன்றாவது, செங்குரங்கு கூரையில் குதித்து ஓட்டை உடைத்து உள்ளே தள்ளிவிடுவது. இந்தக் குறிப்பு மூன்றாவது வகைக்காரருக்கு. மற்ற இரண்டு வகைக்காரரும் படிக்கலாம், விசாரணையில் மட்டும் குற்றவாளியை மாற்றிக்கொள்ள வேண்டும்.

விசாரணைதான் முதல் வேலை. நாட்டுக்கே அதுதான் முறை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை பகல் இலங்கை முழுவதும் கரண்ட் போனது. பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்றார் வலுசக்தி அமைச்சர் குமார ஜயகொடி. கூடவே நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நின்றுபோக, அடுத்த நாட்களில் மின்வெட்டு வேறு. ஒரு குரங்கு கை வைத்தால் ஒரு நாடே இருண்டுபோகும்படி மின்கட்டமைப்பை வைத்திருந்தது யார் என்றுதான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் குரங்கு மறுப்பறிக்கை விடாது என்பதில் ஒரு வசதி இருக்கிறது. அடுத்த மாதமே, மார்ச் 15 காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, பயிரை அழிக்கும் குரங்கு, மயில், மர அணில் எல்லாவற்றையும் அவரவர் காணியில் நின்று எண்ணிச் சொல்லும்படி அரசாங்கம் மக்களைக் கேட்டது. அந்த ஐந்து நிமிடத்தில் உங்கள் கூரைக்காரர் பக்கத்துத் தோட்டத்தில் இருந்திருப்பார்.

வீட்டு விசாரணை இப்படித் தொடங்கும். “மேசைய அந்த மூலையில போடச் சொன்னது யாரு?” என்பார் மாமா. “ஓட்ட மாத்துங்க மாத்துங்கன்னு எத்தன மாசமா சொல்றேன்” என்பார் அத்தை. நிறுத்திவிடாதீர்கள். அரை மணி நேரமாவது இழுக்கட்டும். சோர்ந்துபோனால், தங்கச்சி கல்யாணத்தில் யார் யாரைக் கூப்பிடவில்லை என்று எடுத்துக் கொடுங்கள். அத்தனை நேரமும் சுவிட்சில் ஒருவரும் கை வைக்க மாட்டார்கள், அந்த இயந்திரத்துக்கு அன்று கிடைக்கக்கூடிய நல்ல வைத்தியம் அதுதான். உள்ளே ஓட்டுச் சில்லு ஒன்றோ கழன்ற ஸ்க்ரூ ஒன்றோ மதர்போர்டின் மேல் கிடக்கலாம். கரண்ட் போகாதவரை அது வெறும் குப்பை. “ஒரு தடவ போட்டுப் பாப்போமே” என்று யாராவது போட்ட அந்த நொடியிலிருந்து அது ஷோர்ட் சர்க்கிட். சண்டை சூடாக இருக்கும்போதே சத்தமில்லாமல் பிளக்கைக் கழற்றி, சட்டைப்பையில் போட முடியாது என்பதால், மேசைக்குப் பின்னால் போட்டுவிடுங்கள்.

அடுத்து தட்டுகிறவர் வருவார். குடும்பத்துக்கு ஒருவர் உண்டு. பழைய வால்வு ரேடியோவின் மண்டையில் தட்டி இலங்கை வானொலி கேட்ட தலைமுறை. அவருடைய அறிவியலில் தவறில்லை. ஈயப்பற்று விட்டுப்போன இணைப்பு தட்டினால் சேரத்தான் செய்யும். ஆனால் ஹார்ட் டிஸ்க் அந்த ரகம் இல்லை. உள்ளே தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுற்ற, அதை வாசிக்கும் முனை தலைமுடித் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் மிதக்கிறது. ஓடும்போது ஒரு தட்டுத் தட்டினால் முனை தட்டை உரசிவிடும். அவரிடம் இதையெல்லாம் விளக்கப் போகாதீர்கள். டோர்ச் லைட்டைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு கையாலும்.

இனி பிளக். சிரிக்க வேண்டாம், ரிப்பேர் கடைக்குப் போகிற கொம்பியூட்டர்களில் சில, பிளக்கை மாற்றியதும் எழுந்துவிடுகின்றன. சதுரக் காலுள்ள 13 அம்பியர் பிளக்கின் வயிற்றுக்குள்ளே ஒரு சிறிய பியூஸ் இருக்கிறது. அது எரிந்திருந்தால் வெளியே ஒரு தடயமும் தெரியாது. சுவர் சொக்கட்டையும் பாருங்கள். இரண்டு கால் சார்ஜரைச் செருகுவதற்காக மேலே எர்த் ஓட்டைக்குள் பேனா மூடியைக் குத்தி, அது முறிந்து உள்ளேயே இருக்கிறதா? உங்கள் வீட்டுக்கு எர்த் எவ்வளவு காலமாக இல்லை என்பதை அந்தப் பேனா மூடியின் நிறம் மங்கியிருப்பதிலிருந்து கணக்கிடலாம். பிறகு சீபீயூவின் பின்பக்கச் சிவப்பு சுவிட்ச், பழைய பவர் சப்ளைகளில் 115, 230 என்று எழுதியிருக்கும். அது 230இல் இருக்க வேண்டும். வீட்டுப் பையன் நகத்தால் தள்ளி 115க்குக் கொண்டுபோயிருந்தால், கரண்ட் போட்டதும் வரும் சத்தத்தைக் கேட்டு அயலவர்கள் எலெக்ஷன் முடிவு வந்துவிட்டதாக நினைப்பார்கள்.

“வருது, வந்த உடனே போவுது” என்ற முறைப்பாடு தனியாகக் கவனிக்க வேண்டியது. ஃபேன் சுற்றும், லைட் எரியும், நாலு விநாடியில் அடங்கும். திரும்பப் போட்டால் மறுபடி நாலு விநாடி. இந்த இடத்தில்தான் பல வீடுகளில் எலுமிச்சம்பழம் வெளியே வருகிறது. பேய்க்கு நாலு விநாடிக் கணக்கு எதற்கு என்று யோசிக்க வேண்டாமா? பவர் பட்டனைத் தொடர்ந்து நாலு விநாடி அழுத்திப் பிடித்தால் இயந்திரம் அணைந்துவிட வேண்டும் என்பது அதற்குள் எழுதப்பட்ட விதி. ஓடு விழுந்து முன்பக்கத்துப் பிளாஸ்டிக் நசுங்கி, பட்டன் உள்ளே அமுங்கியபடியே நிற்கிறது, அவ்வளவுதான். யாரோ விரலை எடுக்காமல் இருப்பதாக அது நம்புகிறது. முன் மூடியைக் கழற்றி பட்டனை விடுவியுங்கள். பட்டனே உடைந்திருந்தால், பக்க மூடியைத் திறந்து, அதிலிருந்து போகும் மெல்லிய இரட்டை வயர் மதர்போர்டில் செருகியிருக்கும் இடத்தைத் தேடி, வயரை உருவிவிட்டு, அந்த இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் சேர்த்துத் தொட்டு எடுத்தால் இயந்திரம் ஓடத் தொடங்கும். எலுமிச்சம்பழத்தில் தேசிக்காய்த் தண்ணி போடலாம்.

பட்டன் குற்றவாளி இல்லையென்றால், பிளக்கை மறுபடி கழற்றிவிட்டு பக்க மூடியைத் திறக்க வேண்டியதுதான். உள்ளே ஓட்டுத் தூள், பல்லி முட்டை, மிளகு காயவைத்த காலத்துத் தூசி, காணாமல்போன தேசிய அடையாள அட்டையின் போட்டோக்கொப்பி ஆகியவை இருக்கலாம். எதையும் வாயால் ஊதாதீர்கள், எச்சிலும் ஈரம்தான். பெயின்ட் பிரஷ் போதும்.

ஓடு விழுந்த கொம்பியூட்டரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரெம். நீளமான பச்சைத் துண்டு, இரண்டு முனையிலும் வெள்ளையாகவோ கறுப்பாகவோ பிளாஸ்டிக் கொக்கிகள். பார்வைக்கு நேராகத்தான் நிற்கும். டோர்ச்சைச் சாய்த்து அடிக்கச் சொல்லுங்கள், ஒரு முனை அரிசிமணி உயரத்துக்கு எழும்பியிருப்பது தெரியும். அந்த அரிசிமணி உயரம் போதும், திரை கறுப்பாகவே இருக்கும், சில மதர்போர்டுகள் பீப் பீப் என்று விடாமல் அழும். கொக்கிகளை வெளியே தள்ளி ரெம்மை எடுங்கள். அடியிலுள்ள பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூடத்து அழிறப்பரால் மெதுவாக ஒரே திசையில் தேயுங்கள், துகள்களைப் பிரஷால் தட்டிவிடுங்கள். பல் வரிசையின் நடுவே ஒரு வெட்டு இருக்கும், ஸ்லொட்டில் அதற்கான மேடும் இருக்கும். இரண்டும் பொருந்த வைத்து, இரு முனையிலும் கட்டைவிரலால் அழுத்தினால் ‘டக்’, ‘டக்’ என்று கொக்கிகள் தாமாக மூடிக்கொள்ளும். ஒரு ‘டக்’ மட்டும் கேட்டால் வேலை பாதி. கடைகளில் காசு வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் செய்யப்படும் பெரிய சத்திரசிகிச்சைகளில் இதுவும் ஒன்று, அழிறப்பர் உட்பட.

கிராஃபிக்ஸ் கார்ட் இருந்தால் அதையும் எடுத்துச் செருகுங்கள். கேபிள்களை ஒருமுறை அழுத்திவிடுங்கள். புரொசசருக்கு மேலுள்ள ஃபேனை லேசாக அசைத்துப் பாருங்கள். இன்டெல் புரொசசரோடு வந்த ஃபேன் என்றால் நாலு மூலையில் நாலு கறுப்புப் பிளாஸ்டிக் ஆணிகள். அதில் ஒன்று கழன்றாலும் சூடு இறங்காமல் இயந்திரம் கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துகொள்ளும்.

மதர்போர்டில் நிற்கும் சிறு சிறு உருளைகளின் தலை உப்பியிருக்கிறதா, பழுப்பாக ஏதாவது கசிந்திருக்கிறதா? அது ஓட்டின் வேலையும் இல்லை, குரங்கின் வேலையும் இல்லை. 2000களின் தொடக்கத்தில், உள்ளே நிரப்பிய திரவம் சரியில்லாத கெப்பாசிட்டர்கள் உலகமெங்கும் மதர்போர்டுகளில் ஏறிவிட்டன. டெல் நிறுவனம் 2005இல் தன் ஒப்டிபிளெக்ஸ் இயந்திரங்களைத் திருத்துவதற்கென்று 30 கோடி டொலர் ஒதுக்க நேர்ந்தது. அந்தக் காலத்து ஒஃபிஸ் மெஷின் உங்கள் வீட்டில் இருந்தால், ஓடு விழுவதற்கு நெடுநாள் முன்பே அது சாகத் தொடங்கியிருக்கிறது. மாமாவிடம் சொல்லலாம், விசாரணையை மீண்டும் திறப்பார்.

பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள், இதில் விளையாட்டு இல்லை. 230 வோல்ட் கரண்ட் உள்ளே போய் 325 வோல்ட் அளவில் தேங்கி நிற்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும். அதற்குள் பல்லி செத்துக் கிடந்தாலும் கிடக்கட்டும்.

கூரை ஓட்டையால் மழையும் இறங்கியிருந்தால் வீட்டில் அரிசி மூட்டை யோசனை எழும். கொம்பியூட்டரை அரிசிக்குள் புதைத்தால் அரிசித் தவிடு ஃபேனுக்குள் போகும், வேறொன்றும் நடக்காது. மதர்போர்டிலுள்ள காசு வடிவ பெட்டரியைக் கழற்றுங்கள், பிளக் இல்லாவிட்டாலும் அது கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். பிறகு மேசை ஃபேனுக்கு முன்னால் இரண்டு மூன்று நாள் விடுங்கள். ஒக்டோபர், நவம்பர் மழையென்றால் இன்னும் ஒரு நாள்.

எல்லாம் சரியாகி, போட்டதும் ஹார்ட் டிஸ்க் ‘டிக், டிக், டிக்’ என்று ஒரே தாளத்தில் அடித்தால் உடனே அணையுங்கள். கல்யாணப் படங்கள், பிள்ளையின் ஏ.எல். நோட்ஸ் எல்லாம் அதில்தான், வேறு கொப்பி கிடையாது என்று அப்போதுதான் ஞாபகம் வரும். மறுபடி போடுகிற ஒவ்வொரு தடவையும் முனை கொஞ்சம் கொஞ்சமாகப் படங்களைச் சுரண்டி எடுக்கும். டவுனுக்குப் போகும்போது ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் துணியில் சுற்றி மடியில் வையுங்கள். சீபீயூவை மதர்போர்ட் அடியில் வரும்படி படுக்கவைத்துக் கொண்டுபோங்கள், பஸ்ஸில் தட்டில் ஏற்ற வேண்டாம், கொண்டக்டர் என்ன சொன்னாலும்.

கடையில் “சும்மாதான் இருந்திச்சு தம்பி, தானா நின்னிருச்சு” என்று ஆரம்பிக்காதீர்கள். மேல் மூடியில் ஓட்டின் விளிம்பு அச்சாகப் பதிந்திருக்கிறது. டெக்னிஷியன் தம்பி மூன்று கேள்விதான் கேட்பார்: என்ன விழுந்தது, எந்தப் பக்கம் விழுந்தது, விழுந்த பிறகு எத்தனை தடவை சுவிட்சைப் போட்டீர்கள். மூன்றாவதுக்கு எல்லோரும் “ஒரே ஒரு தடவ” என்பார்கள். அவர் தலையாட்டிக்கொண்டு பில் துண்டில் ஐந்து என்று எழுதிக்கொள்வார்.