பேட் விரிய வழி

கேள்வி: கீபோர்டில் பேட் வாசித்தால் ரிவெர்பை எவ்வளவு ஏற்றினாலும் கூழாகிறதே தவிர, வெளி விரியவில்லை. புது சிந்தசைசர் வாங்கலாமா?

– வாசகர், திருநீர்மலை

பதில்: வாங்காதீர்கள்! உங்கள் ஊர்ப் பெருமாளே நின்று, இருந்து, கிடந்து, நடந்து என நான்கு கோலம் காட்டுகிறார். உங்கள் பேட் மட்டும் ரிவெர்ப் என்ற ஒற்றைக் கோலத்தில் நின்றால் எப்படி?

முதலில் கோரஸ். 1982-இல் வந்த ரோலண்ட் ஜூனோ-60-இல் ஒரு குரலுக்கு ஒரே ஆஸிலேட்டர்தான். ஆனாலும் அந்த ஒலி இரு காதுகளையும் நிறைத்ததற்குக் காரணம் உள்ளேயிருந்த கோரஸ். ஒலியைப் பிரதியெடுத்து, சில மில்லி விநாடி தள்ளி, சுருதியை லேசாக அசைக்கிறது. ஒருவர் பாடியது பலர் பாடியதாகிவிடும்.

அடுத்து டிலே. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 80 தட்டு என்றால் ஒரு தட்டு 750 மில்லி விநாடி. அதில் பாதி, 375 வையுங்கள். எதிரொலி தாளத்தோடு நடக்கும்.

கூழாவது எங்கே தெரியுமா? ரிவெர்புக்குள் கீழ் ஸ்வரங்கள் புகும்போது. ரிவெர்புக்கு முன்னால் ஒரு ஃபில்டர் போட்டு 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். பிறகு ஐந்தாறு விநாடி ரிவெர்ப் வைத்தாலும் தெளிவு போகாது.

திருவிழா மேடையில் ஸ்பீக்கர் மோனோவாக இருந்தால் கோரஸின் அகலம் சுருங்கிவிடும். அதனால் வீட்டிலேயே மோனோவில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். சிந்தசைசருக்கு எடுத்து வைத்த பணத்தில் நல்ல ஹெட்போன் வாங்குங்கள்.