தூசி பார்க்கிறவர்

சென்சார் துடைப்பவர் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர். நிலையான சம்பளம், முடியப்போகிற வீட்டுக்கடன், லென்ஸைக் கழற்றி மாட்டக்கூடிய ஒரு கேமரா, இந்த மூன்றும் ஒரே வீட்டில் சேர்ந்தால் இவர் அங்கே தோன்றிவிடுவார். சென்னை, கோவை, திருச்சி என்று எல்லா ஊரிலும் உண்டு. வேடந்தாங்கலில் பறவைக்காகவும், மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவில் பல்லக்குகளுக்காகவும், விடியற்காலை காசிமேட்டில் படகுகளுக்காகவும் கேமராவோடு காத்திருக்கும் கூட்டத்தில் இவரும் நிற்பார். கூட்டத்திலிருந்து இவரைப் பிரித்தறிய ஒரே அடையாளம்தான். எடுத்த படத்தை மற்றவர்கள் முழுதாகப் பார்ப்பார்கள். இவர் அதை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி, வானம் இருக்கிற மூலைக்கு நேரே போய்விடுவார். அந்த மூலையில் பறவை இல்லாமல் இருந்தால் இன்னும் வசதி.

பிறக்கும்போதே யாரும் இப்படிப் பிறப்பதில்லை. கேமரா வாங்கிய முதல் வருஷம் இவரும் குழந்தையின் பிறந்தநாள், மாமல்லபுரக் கடற்கரைக் கோயில், மாமியார் வீட்டு மொட்டைமாடியில் சூரிய அஸ்தமனம் என்று எடுத்துத் தள்ளியவர்தான். ஒருநாள் அந்த அஸ்தமனத்தில், மேகத்துக்குப் பக்கத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி தெரிகிறது. பருந்து என்று நினைக்கிறார். அடுத்த படத்திலும் பருந்து அதே இடத்தில் இருக்கிறது. மறுவாரம் கொடைக்கானலில் எடுத்த படத்திலும் அதே பருந்து, அதே இடம். அன்று இரவு அவர் தூங்குவதில்லை.

புள்ளியின் காரணத்தில் மர்மம் ஒன்றுமில்லை. லென்ஸைக் கழற்றும்போது காற்றில் இருக்கிற தூசி உள்ளே போகிறது; ஷட்டர் ஓடி ஓடி உதிர்க்கிற துகளும் அதோடு சேர்கிறது. இவையெல்லாம் சென்சாரின் மேலேயே போய் உட்காருவதில்லை. சென்சாரை மூடியிருக்கும் வடிகட்டிக் கண்ணாடியின் மேல்தான் உட்காருகின்றன. துடைக்கிறவர் தொடுவதும் அந்தக் கண்ணாடியைத்தான். கண்ணாடிக்கும் ஒளியை வாங்குகிற பரப்புக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. அப்பர்ச்சரை எஃப் 2.8 என்று அகலமாகத் திறந்தால் ஒளி பல கோணங்களிலிருந்து வந்து தூசியின் நிழலைக் கரைத்துவிடும். எஃப் 16, எஃப் 22 என்று சுருக்கினால் ஒளி ஏறக்குறைய ஒரே திசையில் வரும், நிழல் கறுப்பாகக் கூர்மையாக விழும். கல்யாணம், குழந்தை, கோயில் யானை எதையும் எஃப் 22-இல் எடுக்க வேண்டிய அவசியம் சாதாரண மனிதர்களுக்கு வருவதில்லை. இவருக்கும் வருவதில்லை. தூசி இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் இவர் எஃப் 22-க்கே போகிறார்.

பார்க்கிற முறை சரியானதுதான். ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 22, ஃபோகஸைக் கையால் திருகி வேண்டுமென்றே கெடுத்து, வெள்ளைச் சுவரையோ மேகமில்லாத வானத்தையோ எடுக்க வேண்டும். ஷட்டர் திறந்திருக்கும் ஓரிரு விநாடியில் கேமராவை லேசாக அசைத்தால் சுவரின் கறையெல்லாம் கலைந்துபோகும். தூசி மட்டும் நின்ற இடத்தில் நிற்கும். இவர் ஹால் சோபாவை நகர்த்திப் போட்டுவிட்டுச் சுவரை எடுக்கிறார். "சுவத்துல என்னங்க இருக்கு?" என்று மனைவி கேட்டால், "ஒண்ணும் இல்ல, அதான்" என்கிறார். அவருடைய ஹார்டு டிஸ்க்கில் குடும்பத்தார் முகங்களைவிட ஹால் சுவர் அதிகம். ஃபோல்டர்கள் ஒழுங்காக இருக்கும்: 'துடைப்பதற்கு முன்', 'துடைத்த பின்', 'துடைத்த பின் மறுபடியும்', 'கடைசி', 'கடைசி 2'.

லென்ஸ் எதையும் தலைகீழாகத்தான் விழவைக்கும் என்பதால், படத்தில் மேலே தெரிகிற புள்ளி சென்சாரில் கீழே இருக்கும். கேமராவை முன்பக்கமிருந்து பார்ப்பவருக்கு இடது வலது மாறாது, மேல் கீழ் மட்டும் மாறும். இவருக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு தாளில் கட்டம் போட்டு, புள்ளிகளுக்கு எண் கொடுத்து, வரைபடம் ஒன்று தயாரித்து வைத்திருக்கிறார். வேலை தொடங்கும்போது தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, சுத்தமாக இருக்கிற பக்கத்தை மும்முரமாகத் துடைக்கிறார்.

இந்த இனத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வருகிற கோளாறு வேறு. டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்ததும் ஒரு தூசி தெரியும். அது ஃபோகஸ் திரையில் இருப்பது. வ்யூஃபைண்டரில் தெரிவது படத்தில் விழாது, படத்தில் விழுவது வ்யூஃபைண்டரில் தெரியாது. இது தெரியாத புதியவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சென்சாரைத் துடைத்துவிட்டுக் கண்ணை வைத்துப் பார்ப்பார். தூசி அப்படியே இருக்கும். பிறகு விஷயம் பிடிபட்டு, காது குடையும் பட்ஸால் ஃபோகஸ் திரையைத் தேய்ப்பார். அது மென்மையான பிளாஸ்டிக், கீறல் விழுந்துவிடும். படத்துக்கு அதனால் ஒரு பாதிப்பும் இல்லை. ஆனால் வாழ்நாள் முழுக்க எந்தக் காட்சியைப் பார்த்தாலும் அவருக்கு அந்தக் கீறல்தான் முதலில் தெரியும்.

கேமரா கம்பெனிகள் இவருக்காக உழைக்காமல் இல்லை. 2003-இல் வந்த ஒலிம்பஸ் இ-1, சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியைக் காதுக்கு எட்டாத வேகத்தில் அதிரவைத்துத் தூசியை உதறியது. 2006-இல் கேனன் தன் 400டி-யில் அதே மாதிரி ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இப்போது அநேகமாக எல்லாக் கேமராவிலும் இது உண்டு. உலர்ந்த தூசி இதில் உதிரும். எண்ணெய்ப் பொட்டு, மகரந்தம், காய்ந்துபோன நீர்த்துளி ஆகியவை அசையாது. மெனுவில் 'இப்போது சுத்தம் செய்' என்பதை அழுத்திவிட்டு, சத்தம் வருகிறதா என்று கேமராவைக் காதோரம் வைத்துக்கொண்டு நிற்பது இவருடைய காலை வழக்கங்களில் ஒன்று.

நிக்கான் டி600-இன் கதை இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். 2012-இல் வந்த அந்தக் கேமராவில் படத்தின் இடது மேல் மூலையில் புள்ளிகள் குவிந்தன. புகார்கள் பெருகி, 2013 பிப்ரவரியில் கம்பெனி அறிவிப்பு வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் டி610 வந்தது. 2014-இல் பழைய கேமராக்களின் ஷட்டரையே இலவசமாக மாற்றித் தர நிக்கான் முன்வந்தது. சென்சார் துடைப்பவர் வைத்திருப்பது வேறு கம்பெனிக் கேமராவாக இருந்தாலும் இந்த வரலாற்றை ஆண்டுவாரியாகச் சொல்வார். கேட்பவர் பெரும்பாலும் ஏதோ ஒரு விசேஷத்தில் பந்திக்குக் காத்திருக்கும் உறவினர்.

துடைப்பதற்கு நாள் குறிப்பது முக்கியம். வீட்டில் எல்லோரும் வெளியே போன ஞாயிறு மத்தியானம் உத்தமம். ஜன்னல்கள் சாத்தப்படும், மின்விசிறி நிறுத்தப்படும். காற்று அசையக்கூடாது என்பது நியாயமான விதி. சென்னையில் மே மாதத்தில் அதைக் கடைப்பிடித்தால் தூசிக்குப் பதில் வியர்வை சொட்டும் என்பதை விதியை எழுதியவர்கள் யோசிக்கவில்லை. உள்ளறையிலிருந்து அம்மா, "டேய், ஃபேனைப் போடுடா, வேகுது" என்பார். "அஞ்சு நிமிஷம்மா" என்று இவர் சொல்லி முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். சிலர் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, நீராவி தூசியை அடக்கிய பிறகு அங்கேயே உட்கார்ந்து துடைப்பார்கள். ஈரம் முழுதாக அடங்கும்வரை காத்திருக்கிற பொறுமைதான் அவர்களுக்கு இருப்பதில்லை. தூசி எங்கிருந்தெல்லாம் வரும் என்பதை இவர் கரைத்துக் குடித்திருக்கிறார்: கம்பளி, திரைச்சீலை, சாம்பிராணிப் புகை. காலையில் கோயிலுக்குப் போய் நெற்றியில் மூன்று பட்டை விபூதி இட்டு வந்தவர், திறந்த கேமராவின் மேல் அப்படியே குனிகிறார்.

பேட்டரி முழுதாக ஏறியிருக்க வேண்டும் என்பதில் மட்டும் விளையாட்டு கூடாது. டி.எஸ்.எல்.ஆரில் சென்சாரைப் பார்க்க மிரர் என்கிற கண்ணாடியைத் தூக்கி ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டும். மெனுவில் அதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. அதை விட்டுவிட்டு 'பல்ப்' முறையில் பட்டனை அமுக்கிக்கொண்டே துடைக்கிறவர்கள் உண்டு. விரல் நழுவினாலோ பேட்டரி தீர்ந்தாலோ ஷட்டரின் மெல்லிய தகடுகள் உள்ளே இருக்கிற குச்சியின் மேல் வந்து மூடும், ஷட்டர் போய்விடும். மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடியே இல்லை. லென்ஸைக் கழற்றினால் பெரும்பாலானவற்றில் சென்சார் நேரே வெளியே பார்த்துக்கொண்டிருக்கும். 2018-இல் வந்த கேனன் இஓஎஸ் ஆர் மாதிரி சில கேமராக்கள், அணைத்தவுடன் ஷட்டரை மூடிக்கொள்ளும். கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி உள்ளவற்றில் சென்சார் அசையக்கூடிய அமைப்பின் மேல் இருக்கிறது. அழுத்தித் துடைத்தால் அந்த அமைப்புக்கே ஆபத்து.

முதல் ஆயுதம் ரப்பர் ப்ளோயர். பலமுறை அதுவே கடைசி ஆயுதமாகவும் இருக்கலாம். ப்ளோயருக்குள்ளேயே இருக்கிற தூசி போக முதலில் வெளியே நாலு முறை ஊத வேண்டும். பிறகு கேமராவின் வாயைத் தரைப்பக்கமாகப் பிடித்து, ப்ளோயரின் மூக்கு சென்சாரில் இடிக்காமல் ஊதினால், கிளம்பிய தூசி கீழே விழும். பெரும்பாலான தூசி இதிலேயே ஒழிந்துவிடும். ஒழிந்துவிட்டால் இவருக்கு ஏமாற்றம். வாங்கி வைத்த மற்ற சாமான்களை என்ன செய்வது? ப்ளோயர் கைக்கு எட்டாத நேரத்தில் வாயால் ஊதுகிறார். ஒரு தூசியோடு முடிந்திருக்க வேண்டிய விவகாரத்தில் இப்போது எச்சில் துளிகளும் சேர்கின்றன, அவை தூசியைவிடப் பிடிவாதமானவை. அடைத்த காற்று டப்பா வாங்கியவர் இன்னும் மோசம். டப்பாவைச் சாய்த்துப் பிடித்தால் உள்ளிருக்கும் திரவமே சில்லென்று பீய்ச்சி வந்து கண்ணாடியில் படியும்.

ஊதியும் போகாததற்கு ஈரத் துடைப்பு. சென்சாரின் அகலத்துக்கே செய்யப்பட்ட தட்டையான துடைப்பான்கள் கடையில் கிடைக்கின்றன. முழு அளவுச் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர், அதற்கு 24 மில்லிமீட்டர் அகலத் துடைப்பான். சின்னச் சென்சாருக்குச் சின்னது. அதற்கான திரவத்தில் இரண்டு சொட்டு விட்டு, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை கையை எடுக்காமல் ஒரே இழுப்பு. துடைப்பானைத் திருப்பி மறுபக்கத்தால் திரும்பி வர ஒரு இழுப்பு. அவ்வளவுதான், தூக்கிப் போட்டுவிட வேண்டும். இந்தத் திரவங்களில் பல மெத்தனால். விஷம், எளிதில் தீப்பிடிக்கும், குழந்தைகள் கையிலும் பூஜை விளக்குப் பக்கத்திலும் இருக்கக்கூடாது.

தூக்கிப் போடுவதில்தான் இவர் தடுமாறுகிறார். ஒரு துடைப்பானின் விலைக்கு ஹோட்டலில் ஒரு சாப்பாடு சாப்பிடலாம். பிஸ்கட் டப்பாவை மிளகாய்த்தூளுக்கு வைத்துக்கொள்கிற வீட்டில் வளர்ந்தவருக்கு இரண்டே இழுப்போடு அதை எறிய மனம் வராது. ஆகவே அதே துடைப்பானில் இன்னும் பத்துச் சொட்டு விட்டு, தோசைக்கல்லில் பாதி வெங்காயத்தால் எண்ணெய் தேய்ப்பதுபோல வட்டம் வட்டமாகத் தேய்க்கிறார். ஓரத்தில் ஒதுங்கிய அழுக்கு நடுவுக்கு வருகிறது, அதிகமான திரவம் கோடு கோடாகக் காய்கிறது. சோதனைப் படத்தில் முன்பு மூன்று பருந்து இருந்த இடத்தில் இப்போது ஒரு கூட்டமே பறக்கிறது. துடைப்பான் தீர்ந்ததும் வீட்டுப் பொருள்களின் முறை: மூக்குக்கண்ணாடித் துணி, சானிடைசர், பழைய பனியன். சானிடைசரில் கையை மென்மையாக்கும் சரக்கும் கலந்திருக்கிறது. அது சென்சார் கண்ணாடியில் படலமாகத் தங்கும். பனியன் நூல் உதிர்க்கும்.

இவர்களுக்குள் கிளைகள் உண்டு. ஒருவர் நாலு லென்ஸ் வாங்கிவிட்டு, தூசி பயத்தில் ஒன்றைக்கூடக் கழற்றுவதில்லை. மற்ற மூன்றும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. இன்னொருவர் அம்மி பறக்கிற ஆடிக்காற்றில் குற்றால மலையடிவாரத்தில் நின்று லென்ஸை மாற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து கம்பெனியைத் திட்டுவார். மூன்றாமவர்தான் ஊருக்கு ஆபத்து. தன் சென்சாரைத் துடைத்து முடித்துவிட்டார், இப்போது நண்பர்களுடையதைத் தேடி வருகிறார்.

பக்கத்துத் தெருவில் இருக்கிற கல்யாண ஃபோட்டோகிராபர் இந்த இனத்தில் சேராதவர். ஹோமப் புகைக்கு நடுவிலும் அட்சதை மழையிலும் லென்ஸை மாற்றுகிறார். வேலை முடிந்ததும் ப்ளோயரால் ஒரு ஊது. மிச்சம் இருக்கிற புள்ளியை ஆல்பம் போடுகிற பையன் கம்ப்யூட்டரில் அழித்துவிடுவான். சென்சார் துடைப்பவர் அவரைப் பிடித்து நிறுத்தி, "கடைசியா சென்சாரை எப்ப துடைச்சீங்க?" என்று கேட்டால், அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது உள்ளதான சார் இருக்கு?" என்பார்.

முடிவில் கேமரா சர்வீஸ் சென்டருக்குத்தான் போகிறது. மேஜைக்கு அந்தப்பக்கம் இருப்பவர் லென்ஸைக் கழற்றி, விளக்கு வைத்த பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்து, "வீட்ல துடைச்சீங்களா சார்?" என்று கேட்கிறார். "சேச்சே, தொட்டதே இல்லை" என்று பதில் வருகிறது. சென்சாரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பனியன் நூலைச் சாமணத்தால் எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, அவர் ரசீதில் 'தூசி' என்று மட்டும் எழுதிக்கொள்கிறார். சில நாள் கழித்துக் கேமரா சுத்தமாகத் திரும்பி வருகிறது. சென்சார் துடைப்பவர் பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வருகிறார். எதிரே மெட்ரோ ரயிலுக்காகத் தெருவைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையிலேயே துடைத்தார்களா என்று பார்க்க, வாசற்படியிலேயே நின்று லென்ஸைக் கழற்றுகிறார்.