மெலடோனின் கொடுக்கலாமா?

கேள்வி: வலிப்பு வரும் என் மகனுக்கு மெலடோனின் மாத்திரை கொடுத்தால் மூளைக்கு நல்லது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. கொடுக்கட்டுமா?

பதில்: அக்காவின் அக்கறைக்கு ஒரு கும்பிடு; மருந்துச்சீட்டு டாக்டரிடமே இருக்கட்டும். இருட்டினால் மூளையின் பினியல் சுரப்பி காசு வாங்காமல் சுரப்பதுதான் மெலடோனின். 1958-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஏரன் லெர்னர் அதை மாட்டின் பினியல் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்தார். அக்கா சொல்வதற்கும் ஒரு காரணம் உண்டு: வலிப்பின்போது, நரம்பைத் தூண்டும் வேதிப்பொருளான குளூட்டமேட் அளவுமீறிக் கொட்டும். நரம்புச் செல்லுக்குள் கால்சியம் பாயும். ஃப்ரீ ராடிக்கல்கள் பெருகிச் செல்லைச் சிதைக்கும். அவற்றை மெலடோனின் அடக்குவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். மனிதர்களுக்கு வலிப்பைக் குறைக்கும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இன்னும் இல்லை. ஆனால் தூக்கம் கெட்டால் பலருக்கு வலிப்பு வரும். ராத்திரியில் பையனின் செல்போனை வாங்கி வையுங்கள், அந்த வெளிச்சம் மெலடோனினைக் குறைக்கும். வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீர்கள், அம்மா.