மிதக்கத் தெரிந்த வழிகாட்டி

கேள்வி: பிச்சாவரத்தில் கயாக் ஓட்டப் போகிறேன். செல்போனிலேயே மேப் இருக்கும்போது, தனியாகக் கையடக்க ஜிபிஎஸ் எதற்கு?
– ஒரு வாசகர், கடலூர்

பதில்: ஈரக் கையால் செல்போனைத் தடவிப் பாருங்கள். நீங்கள் மேப்பைக் கேட்பீர்கள், அது உங்கள் மாமனாருக்கு போன் போடும். துடுப்புப் போடுகிறவர் கை என்றைக்கு உலர்ந்திருக்கிறது? படகுக்காரர்களுக்கான கருவியில் அழுத்துவதற்குப் பொத்தான்கள் உண்டு. கார்மின் ஜிபிஎஸ்மேப் 78 போன்றவை தண்ணீரில் விழுந்தால் மிதக்கவும் செய்யும். எல்லாம் மிதக்காது. பெட்டியில் 'ஐபிஎக்ஸ்7' என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்றுதான் அர்த்தம். அதற்குள் முங்கி எடுப்பது உங்கள் பொறுப்பு! கயிறு போட்டு லைஃப் ஜாக்கெட்டில் கட்டிவிடுங்கள்.

திரும்பும்போது 'படகுத்துறைக்குப் போ' என்று அதனிடம் சொல்லிவிடாதீர்கள். ஜாதகம் பார்க்காமல் நேர்கோடு போட்டுவிடும். நடுவில் சுரபுன்னை வேர்கள் பின்னிக் கிடப்பது அதற்கு எங்கே தெரியும்? வந்த தடத்திலேயே திருப்பி அழைத்துவரும் 'ட்ராக்பேக்' இருக்கிறது, அதை அழுத்துங்கள். அசையாமல் நின்றுகொண்டு திசை கேட்டாலும், மின்னணு திசைகாட்டி இல்லாத கருவி உளறும். நாலு துடுப்புப் போட்டுவிட்டுக் கேளுங்கள்.

வேகம் 3 என்று காட்டினால் மனம் தளர வேண்டாம். அது நாட் கணக்கு. மணிக்கு ஐந்தரைக் கிலோமீட்டர், ஊரில் அப்படியே சொல்லிக்கொள்ளலாம்.