மூப்பின் பெருமை

ஐயா, தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியர் நாற்காலி பணிமூப்பு வரிசையில் வருகிறது. இதைவிட நேர்மையான ஏற்பாடு ஏது? சிபாரிசு எடுபடாது, திறமையும் எடுபடாது. காத்திருந்தால் போதும் என்றிருந்தது. 2021இல் ஓய்வு வயது 60 ஆனதும் காத்திருக்க இன்னும் ஒரு வருஷம் கிடைத்தது.

அப்படி வந்து அமர்ந்த நீங்கள் பள்ளியைக் கண்ணும் கருத்துமாகக் காக்கிறீர்கள். திறன்மிகு வகுப்பறைத் திரையில் ஒரு கீறல் இல்லை. மேலே போட்ட துணி விலகியதே இல்லை. கணினிகள் வந்த நாள் போலவே இருக்கின்றன. சாவி உங்கள் பீரோவில் பத்திரம்.

இளையவர்கள் மேல் நீங்கள் வைத்திருக்கும் நம்பிக்கையோ அளவற்றது. எமிஸ் இணையதளத்தில் மாணவர் பதிவா, சீருடைப் பட்டியலா, "தம்பி, இதையும் கொஞ்சம் ஏத்திடுங்க" என்று ஒரு வார்த்தை. அவர் செல்போனோடு சிக்னல் கிடைக்கும் வேப்பமரத்தடிக்கு ஓடுகிறார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பாதியில் நின்ற பின்னக் கணக்கைக் கரும்பலகையில் பார்த்தபடி உட்கார்ந்து பொறுமை பழகுகிறார்கள். பள்ளியின் கடவுச்சொல் அத்தனையும் தம்பிக்கு மனப்பாடம். பள்ளியை எப்படி நடத்தலாம் என்ற கேள்வியை மட்டும் அவர் தலையில் நீங்கள் ஏற்றியதில்லை. ஆசிரியர் கூட்டத்தில், "நான் வேலைக்கு வந்த காலத்திலே..." என்று தொடங்குவீர்கள். பிறகு பதிவேட்டில் எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறும்.

தம்பிகளின் பணிவும் சாதாரணமல்ல. கூட்டத்தில் தலையாட்டிவிட்டு, சொல்ல வேண்டியதை நீங்கள் இல்லாத வாட்ஸ்அப் குழுவில் சொல்கிறார்கள். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையை வாசிக்க வைக்கும் கலை முப்பது வருஷமாக உங்கள் கைவசம். அதைக் கேட்டு ஒருவரும் உங்களைத் தொந்தரவு செய்வதில்லை.

அரசின் துல்லியத்தையும் மெச்ச வேண்டும். 1.4.2003க்குப் பின் வந்தவரைப் பங்களிப்பு ஓய்வூதியத்தில் சேர்த்தது. 1.6.2009க்குப் பின் வந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்தது. ஒரே ஓய்வறைக்குள், தேதி போட்டு, தலைமுறைகளுக்கு நடுவே கோடு கிழிக்க வேறு யாரால் முடியும்?

2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருப்பவரும், பதவி உயர்வு கேட்பவரும் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும். இப்போது ஐம்பது வயதுக்காரர் வினாத்தாளோடு, ஏற்கெனவே தேறிய தம்பி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார். இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும் வேலையை நீதிமன்றமே பார்த்துக்கொண்டது. உங்களுக்குச் சிரமம் வைக்கவில்லை.