தால்ச்சாவும் லாப்ராவும்: ஓர் அண்டாவியல் ஆய்வு

டெல்லி மந்திர் மார்க்கில் பிர்லா மந்திருக்கு அடுத்தாற்போல் இருக்கிறது வங்காளிகளின் காளி கோயிலான காளிபாரி. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியும் இதே சாலையில்தான். இச்சாலை ரீடிங் ரோடு என்று வழங்கிய காலத்தில், 1939இல், காந்தி வந்து பிர்லா மந்திரைத் திறந்துவைத்தது வரை வரலாற்றாசிரியர்கள் எழுதிவிட்டார்கள். காளிபாரியின் துர்கா பூஜை மதியத்தில் அரிசி-பருப்புக் கிச்சுரியின் பக்கத்தில் விழும் லாப்ராவை மட்டும் ஏனோ விட்டுவிட்டார்கள்.

பூசணி, கத்தரி, முள்ளங்கி, சர்க்கரைவள்ளி, பசலை எல்லாம் தத்தம் பெயரைத் துறந்து குழைந்த நிலையே லாப்ரா. தாளிப்பு வெந்தயம், கருஞ்சீரகம், சீரகம், சோம்பு, கடுகு. வெங்காயம், பூண்டு கிடையாது. இதைத் தின்றதும் இவ்வாய்வாளருக்கு நாகூர்ப் பக்கத்துக் கல்யாணத் தால்ச்சா ஞாபகம் வந்தது. அதிலோ பருப்பு, கத்தரி, மாங்காயோடு ஆட்டெலும்பும் உண்டு. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

எலும்பு அப்படி என்ன செய்துவிடுகிறது? அதை ஒட்டிய சவ்வில் இருக்கும் கொலாஜன் மணிக்கணக்கில் வெந்து ஜெலட்டினாகிக் குழம்பைக் கெட்டிப்படுத்துகிறது. லாப்ராவில் அந்த உத்தியோகத்தைப் பூசணியின் பெக்டினும் பசலையின் கொழகொழப்பும் பார்க்கின்றன. ஆடு வகித்த பதவிக்குப் பூசணி வந்திருக்கிறது, அவ்வளவே.

ஆனால் நாலு பேருக்கென்று வீட்டில் செய்தால் இரண்டுமே தேறுவதில்லை. காரணம், அண்டா. பாத்திரத்தின் நீள அகல உயரத்தை இரட்டித்தால் கொள்ளளவு 8 மடங்காகும்; சூடு வெளியேறும் பரப்போ 4 மடங்குதான். ஆகவே அடுப்பை அணைத்த பிறகும், பண்டாரி கைகழுவிவிட்டுப் பீடி பற்றவைத்த பிறகும், உள்ளே வெந்துகொண்டே இருக்கிறது. குக்கர் வைத்திருப்போர் இப்பத்தியை இருமுறை படிக்கவும்.

காளிக்குப் படைக்கும் ஆட்டுக்கறியை வங்காளிகள் வெங்காயம், பூண்டு இல்லாமல் இஞ்சியும் சீரகமும் போட்டுச் சமைத்து, சைவக் கணக்கில் எழுதிவிடுவதுண்டு. என் முடிவுகளுக்கு ஒத்துவராததால் இத்தரவை ஆய்வெல்லைக்கு வெளியே வைத்திருக்கிறேன்.

எஞ்சுவது வரிசைப் பிரச்சினை. லாப்ராவில் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் கிடைப்பது ஒன்றே. தால்ச்சாவில் எலும்பு அடியில் தங்கும். முதல் பந்திக்கு முந்துகிறவர் காயோடு திரும்புவார். எத்தனையாவது பந்தியில் கரண்டி அடியைத் தொடும் என்று ஊர்க் கல்யாணம் ஒன்றில் பரிமாறிய தம்பியிடமே கேட்டேன். “உக்காருங்கண்ணே” என்று சொல்லி, இரண்டு கத்தரிக்காயைப் போட்டுவிட்டு நகர்ந்தார்.