வாங்கி எரித்த விமர்சனம்

பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர், 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்டவர். எதுகை மோனை சரியில்லை என்று குறளையே 'திருத்தி' ஸ்காட் என்ற வெள்ளைக்காரர் அச்சிட்டபோது, பிரதிகளை மொத்தமாக விலைக்கு வாங்கிக் கொளுத்தினாராம். காசு கொடுத்துச் செய்த மதிப்புரை!

இப்போது மதிப்பு வேறு விதம். 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 'எச்-குறியீடு' தந்தார்: ஆளுக்கு 20 கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 20 மேற்கோள் என்றால் மதிப்பு 20. எங்கள் பக்கத்துக் கமிஷன் கடையில் மிளகாய் வற்றலுக்குக்கூட ஒரு கைப்பிடி அள்ளி, நிறம் பார்த்து, குலுக்கிப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். விஞ்ஞானிக்கு எண் போதும். திட்டுவதற்காகக் காட்டிய மேற்கோளும் ஒன்றுதான்.

இலங்கையில் பிறந்த ரங்கா டயஸின் குழு 2020-இல் 'நேச்சர்' இதழில் எழுதியது: ஹைட்ரஜன், கந்தகம், கார்பன் சேர்ந்த பொருளை இரு வைர முனைகளுக்கு நடுவே 267 கிகாபாஸ்கலில் நசுக்கினால், 15 டிகிரி செல்சியஸிலேயே மின்தடை மறையும். வளிமண்டலத்தைப்போல் 26 லட்சம் மடங்கு அழுத்தம். பூமியின் வெளிக்கருவுக்குள் இருப்பது. மேற்கோள்கள் குவிந்தன. மூலத் தரவைக் காட்டு என்று விடாமல் நச்சரித்தவர் யார் தெரியுமா? தராசு செய்து கொடுத்த அதே ஹிர்ஷ்.

2022-இல் இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 2023-இல் அதே குழுவின் இன்னொன்றையும். விழுந்த மேற்கோள்கள் மட்டும் கணக்கில் அப்படியே இருக்கின்றன.